வக்கீல் பேசிய தட்டு

போன மாதம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய அரசியல்வாதிகளின் பேச்சுகளையும் காகிதங்களையும் தேடிப்பிடித்துச் சேர்த்துவைக்கும் ஓர் ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு வேலையாம். பாலக்காட்டு வக்கீல் ஒருவரின் தேர்தல் பேச்சு, கிராமபோன் தட்டாக அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. அந்த வக்கீலோடு மேடையேறிய ராவுத்தரின் மகள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கீறல் சத்தத்தையெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்துவிட்டோம், கேட்டுப் பாருங்கள் என்று என் பேரனின் செல்போனுக்கு அனுப்பிவைத்தாள்.

கேட்டேன். வக்கீல் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனார். உயிரோடு இருந்தவரை அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. நடுநடுவே பேச்சு நிற்குமே, அது எங்கே போயிற்று என்று கேட்டேன். அதுவா, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் தட்டு வெறுமனே ஓடியது, பதிவில் ஏதோ கோளாறு என்று வெட்டிவிட்டோம் என்றாள். என் அத்தாவை வெட்டி எறிந்துவிட்டு, சுத்தம் செய்தோம் என்கிறாள். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பாவம், அவள் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முந்திய கதை, அவளுக்கு எப்படித் தெரியும்?

கொல்லங்கோட்டுக் கடைவீதியில் அத்தாவுக்குக் கயிற்றுக்கடை இருந்தது. வண்டிக்கயிறு, கிணற்றுக்கயிறு, மூக்கணாங்கயிறு என்று முன்பக்கம் முழுக்கத் தொங்கும். பின்பக்கம் வீடு. எங்கள் ஊரில் ஒரு தெருவில் மலையாளம், அடுத்த தெருவில் தமிழ். கிழக்கே போகப்போகப் பனைமரமும் தமிழும்தான். பாலக்காட்டிலிருந்து ஓட்டுக் கேட்க வருகிற பெரிய மனிதர்களின் மலையாளம், கிழக்கத்திப் பண்ணையாட்களுக்குப் பாதிதான் புரியும். அதனால் மேடையில் பேசுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்ல வேண்டும். வக்கீலுக்கு அந்த ஒருவர் எங்கள் அத்தா.

வக்கீல் பெரிய தறவாட்டுக்காரர், பரம்பரை நிலக்குடும்பம். கிழக்கே பாதி நிலம் அவர் குடும்பத்துடையது. சென்னைச் சட்டசபைக்கும் ஒருமுறை போய் வந்தவர். ஒரு வாக்கியம் சொல்வார், ஆள்காட்டி விரலை லேசாக உயர்த்துவார், நிறுத்துவார். அதுவரை கூட்டத்துக்கு முதுகைக் காட்டி வக்கீலின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் அத்தா, திரும்பி மைக்கில் தமிழில் சொல்வார். முடிந்ததும் மறுபடி வக்கீல் பக்கம் திரும்பிக்கொள்வார். வருஷக்கணக்கில் இப்படிப் பேசிப்பேசி வக்கீலுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. வீட்டில் காப்பி கேட்டால்கூட, "காப்பி" என்றுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, அப்புறம்தான் "சூடாக" என்பாராம். அவர் மனைவி எங்கள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வக்கீலிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பேச்சு முடிந்ததும் ஜனங்கள் எழுந்து குறை சொல்வார்கள். குளம் தூர்ந்துவிட்டது, பாதை அடைத்துவிட்டார்கள், குடியிறக்கப் பார்க்கிறார்கள். குடியிறக்கு என்றால், நிலத்துக்காரர் தன் நிலத்தில் குடிசை போட்டிருக்கிறவனைக் குடிசையைப் பிரித்து வெளியேற்றுவது. எதைக் கேட்டாலும் வக்கீலின் பதில் ஒன்றே ஒன்று. "ஆலோசிக்காம்." அத்தா திரும்பி, "யோசிக்கறேங்கறாருங்க" என்பார். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யோசித்துக்கொண்டே இருந்தவர் அந்த மனிதர்.

மலபார் சென்னையை விட்டுப் பிரிந்து கேரளத்தோடு சேர்ந்த கையோடு தேர்தல் வந்தது. வக்கீலுக்குத் தொண்டையில் நோவு. ஊர் ஊராகப் போக முடியாது. தன் மருமகனை, அதாவது அக்கா மகனை, நிற்கவைக்க முடிவு செய்துவிட்டு, காரில் கோயமுத்தூர் போய் ஒரு ஸ்டுடியோவில் தன் பேச்சைத் தட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். அத்தா கூடப் போகவில்லை. ஆள் இல்லாத அறையில், சுவரைப் பார்த்து ஒரு வாக்கியம் பேசி, விரலை உயர்த்தி, அங்கே இல்லாத எங்கள் அத்தா தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த வாக்கியம் பேசியிருக்கிறார். ஸ்டுடியோக்காரர்களுக்கு வக்கீலிடம் சொல்லப் பயம். அப்படியே தட்டடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பாலக்காட்டில் அதைப் போட்டபோது ஜனங்கள் மெஷின் ரிப்பேர் என்று சிரித்தார்களாம். அதனால் தட்டு எங்கள் பக்கத்துக்கே வந்து சேர்ந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கிராமபோனையும் பேட்டரியையும் பெரிய குழாய் ஸ்பீக்கரையும் மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். தட்டில் வக்கீல் பேசுவார், நிறுத்துவார். அத்தா மைக்கில் தமிழில் சொல்வார். இரண்டு குரலும் அதே குழாய் வழியாகத்தான் வரும். ஒரு நூலிழைகூடத் தப்பாமல் பொருந்தியது. கோயமுத்தூரில் யாருமில்லாத அறையில் விட்ட இடம், அத்தாவின் தமிழுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருந்தது.

மார்கழியில் வக்கீல் இறந்துபோனார். ஆற்றங்கரையில் எரித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அத்தா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். இனி தட்டுக்கு வேலையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மருமகன் வேறு மாதிரி நினைத்தார். துக்கம் கேட்கப் போன அத்தாவிடம், இப்போதுதான் அந்தத் தட்டுக்கு மதிப்பு அதிகம் என்று சொல்லியனுப்பினார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "மவுத்தானவரைப் பேசவெக்கறது நல்லதில்லீங்க. அவரு ரூஹு எப்பிடி அடங்கும்?" என்றாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார் அத்தா. யாருக்குக் கொடுத்த வாக்கு என்று அம்மா கேட்கவில்லை.

அந்தத் தட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தது, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கயிற்றுச் சுருள்கள் அடுக்கியிருந்த அறையில். ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகல். அத்தா ஜும்ஆவுக்குப் போயிருந்தார். மாமா ஊசி மாற்றிச் சோதித்துப் பார்க்கத் தட்டைப் போட்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். முதலில், பேச்சைத் தொடங்குமுன் வக்கீல் இருமிய இருமல் வந்தது. ஈரமான, நீளமான இருமல். அப்புறம் வக்கீலின் குரல். ஒரு வாக்கியம். பிறகு ஒன்றுமில்லை. ஊசி உரசுகிற சத்தமும், வெளியே கணவாய்க்காற்றில் பனையோலை அடித்துக்கொள்கிற சத்தமும்தான்.

அத்தா இல்லாமல் அந்த இடைவெளியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது வெறும் சத்தமின்மை இல்லை. அந்த அறைக்குள் யாரோ நின்று, விரலை உயர்த்திக்கொண்டு, அத்தாவைத் தேடுகிறார் என்று எனக்குப் பட்டது. அடுக்களையில் அம்மாவின் அம்மிச் சத்தம் நின்றுபோயிருந்தது. மாமாகூடத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். யாரும் பதில் சொல்லாததால் வக்கீல் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். மறுபடியும் நிறுத்தி, மறுபடியும் தேடினார். நான் எழுந்து பள்ளிவாசல் பக்கம் ஓடினேன், தொழுது முடித்து வந்த அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைக் கூப்பிடறாரு என்றேன். யார் என்று அத்தா கேட்கவில்லை. மெதுவாகத்தான் நடந்து வந்தார்.

அதன் பிறகு ஊர்களிலும் கூட்டத்தின் தன்மை மாறிவிட்டது. முன்பு பேச்சு நடக்கும்போது கசமுசவென்று பேசிக்கொண்டிருப்பவர்கள், இப்போது அசையாமல் நின்றார்கள். ஓரிடத்தில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு வந்து கேட்டார். இன்னோரிடத்தில் குழாய்க்கு முன்னால் சூடம் கொளுத்திவைத்துவிட்டார்கள். வயர் எரிந்துவிடும் என்று மாமா கத்தியதைக் கேட்டு, சாமி வந்துவிட்டதென்று நாலு பேர் விழுந்து கும்பிட்டார்கள். இதையெல்லாம் மாமா வீட்டில் வந்து நடித்துக் காட்டுவார். அத்தா சிரிக்கமாட்டார். சாப்பிடும்போது ஏதாவது சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, யாரோ சொல்லி முடிக்கட்டும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார். அம்மா அவர் முகத்தையே பார்ப்பாள். எனக்கு அந்த நாட்களில் அத்தாவுக்குப் பக்கத்தில் படுக்கவே பயமாக இருந்தது.

ஊத்துப்பதிக் கூட்டத்துக்கு நானும் போனேன். வண்டியில் இடம் இருந்தது, நான் அடம்பிடித்தேன், அவ்வளவுதான் காரணம். ஊத்துப்பதி முழுக்க வக்கீல் குடும்பத்து நிலம். பண்ணையில் வேலை செய்கிற முப்பது நாற்பது குடிசைகள். போகிற வழியிலேயே மாமா சொல்லிக்கொண்டு வந்தார். தேர்தல் முடிந்ததும் பனந்தோப்பை ஒட்டிய குடிசைகளைப் பிரித்துவிட்டுக் களத்தை அகலப்படுத்தப் போவதாக மருமகனின் காரியஸ்தன் பேசிக்கொண்டானாம். முதலில் போகப்போவது மாராத்தாள் என்பவளின் குடிசையாம். அத்தா மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காற்று புழுதியை வாரி இறைத்தது. அத்தா துண்டைத் தலையோடு சுற்றி, வாய் மறைய இழுத்துவிட்டுக்கொண்டார். வண்டிக்குப் பின்னால் கிராமபோன், அதன் பக்கத்தில் மாமா, வண்டியை ஒட்டி மைக்கோடு அத்தா. நான் முன்பக்கம் சாக்குமேல் உட்கார்ந்திருந்தேன். தட்டு ஓடியது. இருமல், வாக்கியம், அத்தா, வாக்கியம், அத்தா. பாதிப் பேச்சில், வக்கீல் நிறுத்திய ஓர் இடத்தில், அத்தா வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது.

"ஏனுங்க ஐயா! என்ற ஊட்டைப் பிரிக்கப்போறாங்களாமா? நெசங்களா?"

மாராத்தாள்தான். நடுவயசு, கணவன் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனவன். அவள் அத்தாவைப் பார்த்துக் கேட்கவில்லை. குழாயைப் பார்த்துக் கேட்டாள். பேச்சின் குறுக்கே இப்படி ஆள் பேசினால் தட்டு தன்பாட்டுக்கு ஓடிவிடும் என்று மாமா பதறிப்போய் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கறாளுங்க. நெறமாசமுங்க. இந்த ஊட்டை உட்டா அவளை எங்கீங்க படுக்கவெப்பேன்? எத்தனையோ வாட்டி கேட்டாச்சு, யோசிக்கறேன் யோசிக்கறேன்னீங்க. இப்பத்தான் ஒரு சோலியும் இல்லீங்களே. இன்னைக்காச்சும் சொல்லிப்போடுங்க."

சிலர் அவளை உட்காரச் சொல்லி இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை. அத்தா, வக்கீல் இருந்த காலத்தில் நிற்கிறது மாதிரியே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கிராமபோன் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள். காற்று ஓய்ந்திருந்தது. ஊசி மாமாவின் கையில் அந்தரத்தில் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

குழாய் இருமியது.

அதே இருமல். அதே ஈரம். பிறகு வக்கீலின் குரல், மலையாளத்தில், மெதுவாக: "ஆரும் இறங்கண்டா. ஞான் பறயுன்னு."

யாரும் வெளியேற வேண்டாம், நான் சொல்கிறேன். அவ்வளவுதான். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எனக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. வழக்கமான இடைவெளி விழுந்தது. அத்தா திரும்பினார். முகத்திலிருந்து துண்டை இறக்கி, எப்போதும்போல மைக்கைப் பிடித்து, "ஆரும் ஊட்டை உட்டு எறங்க வேண்டாங்கறாருங்க. அவரே சொல்றாருங்க" என்றார். குரல் கம்மியிருந்தது.

மாமா கையிலிருந்த ஊசியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஓடினார். வண்டி, பேட்டரி, அக்கா மகள் எதுவும் அவர் நினைவில் இல்லை. பனந்தோப்பு தாண்டி ரோட்டில் அவரைப் பிடித்து வண்டியில் ஏற்றினோம். நான் சாக்குக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெரிந்த சூராவையெல்லாம் ஓதிக்கொண்டே வந்தேன். என் முதுகில் அத்தாவின் கை இருந்தது. அந்தக் கையும்கூட அவருடையதுதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மாமாவுக்கு அன்றைக்கே காய்ச்சல். மறுநாள் லெப்பை வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்து, கையில் கயிறு கட்டிவிட்டார். எனக்கும் ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு கயிறு. அத்தாவுக்கும் கொடுக்கலாமா என்று லெப்பை கேட்டார். "அவருக்குத் தொண்டைதானுங்க கட்டியிருக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா சுக்குத்தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். பேயோடு நெருங்கி நின்றவருக்கு வெறும் சுக்குத்தண்ணீர், தள்ளி நின்ற எனக்குக் கயிறா என்று அம்மாமேல் எனக்குக் கோபம் வந்தது.

ஊசி கையில் இருக்கும்போதே வக்கீல் பேசினார் என்ற செய்தியை ஊர் முழுக்கக் கொண்டுபோனது மாமாவின் வாய்தான். ஊத்துப்பதி ஓட்டெல்லாம் மருமகனுக்கே விழுந்தது. மருமகன் ஜெயித்தார். ஜெயித்த கொஞ்ச நாளில் காரியஸ்தன் கடப்பாரையோடு ஆட்களை அனுப்பினான். அவர்கள் பனந்தோப்புவரை போய், யார் முதலில் கைவைப்பது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். செத்தவர் இறங்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறார், நாங்கள் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். கூலியை ஏற்றிச் சொல்லியும் ஒருவரும் வரவில்லை.

மருமகன் படித்தவர். இதை இப்படியே விட்டால் தன் நிலத்தில் தன்னால் ஒரு வேலிகூடப் போட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சந்தை நாளில், பட்டப்பகலில், கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, காரில் கிராமபோனை வைத்துக்கொண்டு எங்கள் கடைக்கு முன்னால் வந்து இறங்கினார். மாராத்தாளையும் ஊத்துப்பதி ஆட்கள் சிலரையும் காரியஸ்தன் வரவழைத்திருந்தான். மாமா கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு கலிமா சொல்லத் தொடங்கினார்.

"ராவுத்தரே, சத்தியம் பறயணும்" என்றார் மருமகன். "என் அம்மாவன் அப்படிப் பேசினாரா?" மாமாவை மலையாளத்தில் அம்மாவன் என்பார்கள்.

"நான் மொழிபெயர்க்கறவனுங்க. காதுல உழுந்ததைச் சொன்னேனுங்க" என்றார் அத்தா.

எங்கள் வீட்டிலிருந்த தட்டை வாங்கிக் கிராமபோனில் வைத்து, மருமகனே ஊசியை இறக்கினார். இருமல் வந்ததும் சந்தைச் சத்தம் அடங்கிவிட்டது. மாட்டுக்காரர்கள், பாத்திரக்காரர், வெற்றிலைக்காரி எல்லோரும் அப்படியே நின்றார்கள். வக்கீல் ஒரு வாக்கியம் பேசி நிறுத்தினார். அத்தா பேசவில்லை, இது சோதனை என்று மருமகன் கையமர்த்திவிட்டார். அந்த இடைவெளியை அத்தனை பேரும் நின்று கேட்டார்கள். அடுத்த வாக்கியம். மறுபடி இடைவெளி. ஒவ்வொன்றிலும் அத்தாவின் உதடு லேசாக அசைந்து மூடியது. மாராத்தாள் கேள்வி கேட்ட இடமும் வந்தது. ஊசி உரசியது. வேறொன்றுமில்லை. தட்டு முடிந்தது.

"கேட்டில்லே? எங்கே இருக்கு அந்த வார்த்தை?" என்று மருமகன் கூட்டத்தைப் பார்த்தார். எனக்கே ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மாராத்தாள் முன்னால் வந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"தட்டு பேசுச்சுன்னு நான் சொல்லலீங்களே. ஐயா பேசினாருன்னுதானுங்க சொன்னேன். அன்னைக்கு நான் கேட்டேன், பதில் சொன்னாருங்க. இன்னைக்கு ஆரும் ஒண்ணும் கேக்கலீங்களே." பிறகு, "நீங்க கேட்டுப்பாருங்கோ. உங்க மாமன்தானுங்களே" என்றாள்.

மருமகன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த வக்கீலின் வீட்டில், அவர் கையால் அடிவாங்கி வளர்ந்தவர் அவர். கிராமபோனைப் பார்த்தார். தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்தார், வாயைத் திறந்தார். கூட்டம் ஓர் அடி பின்னால் நகர்ந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, ஒரு சொல்லும் வரவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு கேள்வி கேட்கக்கூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. வக்கீல் என்னைப் பார்த்தால் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார், என் கேள்விக்கு நிச்சயம் பதில் சொல்வார். பயமும் இருந்தது, அந்தக் குரலை இன்னொருமுறை கேட்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. கடைப்படியில் ஏறி நின்று, "வக்கீல் ஐயா" என்று தொடங்கினேன்.

அத்தாவின் கை என் வாயைப் பொத்தியது. பின்னாலிருந்து, பல்லில் உதடு நசுங்கும்படி அழுத்திப் பொத்தினார். கை சில்லென்று நனைந்திருந்தது. நடுங்கியது. மூச்சு முட்டி அண்ணாந்து பார்த்தேன். அவர் கண் கிராமபோன்மேல் இருந்தது. அப்படி ஒரு பயத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மருமகன் நிமிர்ந்தார். நேரமாகிவிட்டது, வேறு வேலை இருக்கிறது என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். ஊசியை அவர் எடுக்கவில்லை, காரியஸ்தனை எடுக்கச் சொன்னார். தட்டைத் துணியில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அந்தத் தட்டை யாரும் எங்கேயும் போட்டதாகத் தெரியவில்லை. குடிசைப் பக்கமும் ஆள் வரவில்லை. மாராத்தாளின் மகளுக்கு அந்தக் குடிசையிலேயே ஆண் குழந்தை பிறந்தது. சித்திரை பிறப்பதற்குள், குடியிறக்கு கூடாது என்று புதிய அரசாங்கமே உத்தரவு போட்டுவிட்டது. ஐயா மேலே போய்ப் பேசி முடித்துக் கொடுத்தாருங்க என்று மாராத்தாள் எங்கள் கடைக்கு ஒரு கூடை நுங்கு கொண்டுவந்து கொடுத்தாள்.

அத்தா கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விவரம் தெரிந்து, பிள்ளைகள் பெற்று, இன்னொருவருக்காக வாயைத் திறப்பது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்கே தெரியவந்த பிறகுதான், அந்தத் துண்டும் அந்தக் கம்மிய குரலும் அம்மாவின் சுக்குத்தண்ணீரும் ஒன்றோடொன்று சேர்ந்தன. பிறர் பேச்சையே காலமெல்லாம் சொல்லிவந்தவர், ஒரே ஒரு வாக்கியம் தன்னுடையதாகச் சொன்னார். அதையும் செத்தவர் குரலில் சொல்லிவிட்டு, தானே அதற்குத் தமிழும் சொன்னார். ஊத்துப்பதியில் பொழுது சாய்ந்திருந்தது, முகத்தில் துண்டு இருந்தது, கையில் மைக் இருந்தது. சந்தை நாளில் அந்த வெயிலில், நூறு கண்களுக்கு முன்னால், வெறும் முகத்தோடு நின்றவரிடம் அவை ஒன்றும் இல்லை. நான் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்திருந்தால் பெட்டி சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கும், மாராத்தாளின் ஊடு அன்று சாயங்காலமே போயிருக்கும்.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கார் தெருமுனை திரும்பும்வரை அத்தா கையை எடுக்கவில்லை. சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் பேய்க்குப் பயந்து நடுங்குகிறாரே என்று, அவர் மகளாகப் பிறந்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, அந்த ஈரக் கைக்குள் நான் நின்றிருந்தேன்.